இரை எடுத்த மீன்தான் வீட்டுக்குப் போகும்

அன்று காலை ரீட்டா தொலைபேசியில் அழைத்தபோது முதலில் ஓர் உதவிதான் கேட்டார்.

"அக்கா, நீங்க கொஞ்சம் கடைக்குப் போய் மீனுக்கெல்லாம் சாப்பாடு போட முடியுமா? சாவி கீழ தையல்கடையில இருக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் வீடு இருக்கும் மார்சிலிங்கிலிருந்து ரயில் பிடித்து, நடுவில் டோபி காட்டில் இறங்கி மாறி, கடை இருக்கும் தேக்காவுக்கு வந்து நான் போட வேண்டுமா, உன் வீட்டுக்காரர் என்ன பண்ணுகிறார் என்று கேட்டேன். "அவர் இல்லக்கா" என்றார். பின்னால் யாரோ ஜெபம் சொல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

அமல்ராஜ் தம்பி காலமான செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. காலையில் குளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். நான் நேராக அவர்களுடைய வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன். ஒவ்வொரு தொட்டியாக இரை போட்டேன். எல்லா மீனும் வழக்கம்போல முட்டி மோதிக்கொண்டு வந்தன. அவற்றுக்கு என்ன தெரியும். போட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் அவர்கள் வீடு இருக்கும் பிடோக்குக்குப் போனேன்.

அங்கே அவருடைய அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில், கடைக்கு வந்து போகும் நீங்கள் எல்லோரும் நின்றிருந்தீர்கள். நம்மில் பலரைக் கடைக்கு வெளியே நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்ப்பதற்குத் தொட்டி இல்லாததால் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றோம்.

நினைவுத் திருப்பலி அன்று எல்லோருக்கும் கொடுக்க ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ரீட்டா கேட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் பேத்தி நிலா பாலிடெக்னிக்கில் கடல் உயிர்களைப் பற்றிப் படிக்கிறாள், அவள் வகுப்பில் அவளைப் போல எழுதுகிறவர்கள் கிடையாது, அவளைக் கேளேன் என்றேன். "நிலா நல்லாத்தான் எழுதுவா. ஆனா அவர்கிட்ட அதிகம் திட்டு வாங்குனது நீங்கதானேக்கா?" என்றார் ரீட்டா. அதில் நியாயம் இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

என் மகன் புது வீட்டுக்குக் குடிபோனபோது கூடத்துக்கென்று ஒரு கடல் தொட்டி வாங்கினான். காலையில் ஆட்கள் வந்தார்கள். மாலையில் மீன் நீந்தியது, பவளம் ஊதா நிறத்தில் விரிந்து ஆடியது. விருந்துக்கு வந்தவர்கள் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதைப் படம் எடுத்தார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கியது. ஒரு மீன் செத்தால் விற்றவர்கள் ஒரு பாட்டில் விற்றார்கள். தண்ணீர் தெளிய ஒரு பாட்டில், பவளம் தேற ஒரு பாட்டில், முந்தின பாட்டிலின் கெடுதலைப் போக்க இன்னொரு பாட்டில். கடைசியில் தொட்டி காலி, கீழே இருந்த அலமாரி நிறைந்துவிட்டது.

யாரோ சொல்லி நிலாதான் எங்களைத் தம்பியின் கடைக்கு அழைத்து வந்தாள். கீழே மல்லிகைப் பூவும் மசாலாவும் மணக்க, படியேறினால் மேலே கடற்கரைக் காற்று அடிக்கும் அந்தக் கடையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு வாழையிலைச் சாப்பாடு உண்டு என்று சொன்னதால் நானும் கூட வந்திருந்தேன். தம்பி தொட்டியின் நீள அகலம் கேட்கவில்லை. என்ன செலவு பண்ணுவீர்கள் என்றும் கேட்கவில்லை.

"வீட்ல நாள் பூரா யாரு இருக்கா?" என்றார்.

"அம்மா இருப்பாங்க" என்றான் என் மகன்.

தம்பி ஒரு முக்காலியை இழுத்து என் முன்னால் போட்டார். "அப்ப தொட்டி உங்களோடதுக்கா. உட்காருங்க. என்ன ஆச்சு, சொல்லுங்க."

கடைக்காரர்கள் பணப்பை இருக்கிற பக்கம் பார்த்துத்தான் பேசுவார்கள். அந்த வயதுவரைக்கும் நான் பார்த்தது அதுதான். நான் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் என்ன ஊற்றுகிறீர்கள் என்று நடுவில் கேட்டார். கடல் தொட்டியாயிற்றே, உப்புத் தண்ணீர்தான் கரைத்து ஊற்றுகிறோம் என்றேன்.

"அக்கா, அடுப்புல ரசம் கொதிச்சுச் சுண்டிப்போச்சு. உப்பு போடுவீங்களா, தண்ணி ஊத்துவீங்களா?"

"தண்ணிதான் ஊத்துவேன். உப்பு எங்க போகும், அதுலயேதானே கிடக்குது!"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு நின்றுவிடும் என்று இத்தனை பாட்டில் விற்றவர்களில் ஒருவர்கூட எங்களுக்குச் சொல்லவில்லை. தம்பி அன்றைக்கு எங்களுக்கு விற்றது கொஞ்சம் கல். மீன் கேட்டோம், இல்லை என்றார். எதிரே நூறு மீன் நீந்திக்கொண்டிருக்கிறது, இல்லை என்கிறார்!

கல்லும் தண்ணீருமாகத் தொட்டி கிடந்த நேரத்தில் தீபாவளி வந்தது. என் சம்பந்தியம்மா வந்து கூடத்தில் உட்கார்ந்து நன்றாகப் பார்த்துவிட்டு, "என்ன சம்பந்தி, தண்ணிக்கு விளக்குப் போட்டுக் கும்புடுறீங்களா?" என்றார். எனக்கு அவமானமாகிவிட்டது. உடனே சமையலறைக்குள் போய்த் தம்பியைத் தொலைபேசியில் பிடித்துக் கத்தினேன். அவர் சிரித்தார்.

"வீடு கட்டியாச்சு, குப்பை அள்ற ஆளுங்க இப்பத்தான் ஒவ்வொருத்தரா வந்து சேர்றாங்க, குடித்தனக்காரங்க அப்புறம் வருவாங்கன்னு சொல்லுங்கக்கா. அந்த ஆளுங்க கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க. அவங்க இல்லாமத்தான் உங்க பழைய மீனெல்லாம் அதுங்க கழிவுலயே செத்துச்சு."

அதன்பிறகு கல்லெல்லாம் பழுப்பாக ஓர் அழுக்கு படர்ந்தது. என்னால் அழுக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. பல்துலக்கும் பிரஷை எடுத்துக்கொண்டேன், ஆனால் கேட்டுவிட்டுச் செய்வோம் என்று அழைத்தேன். "பிரஷைக் கீழ வைங்க. கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் பாருங்க" என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டால், "அது போற வரைக்கும்" என்றார். சும்மா இருக்கச் சொல்ல ஒரு கடையா என்று கேட்டேன். "சும்மாவா இருக்கீங்க? பாத்துக்கிட்டு இருக்கீங்கல்ல?" என்றார். அழுக்கு தானாகவே போயிற்று.

அப்புறம்தான் மீன். மீனுக்கு அவர் வைத்திருந்த சட்டத்தில் நாம் எல்லோரும் அடிபட்டிருக்கிறோம். காசு கட்டியாகிவிட்டது, தொட்டியில் நம் பெயர்ச் சீட்டும் ஒட்டியாகிவிட்டது. ஆனால் மீன் நம் கண் முன்னால் இரை எடுக்க வேண்டும். ஒரு தடவை எடுத்தால் போதாது, மறுபடியும் வந்து பார்க்க வேண்டும். கடலிலிருந்து பிடித்து, பைக்குள் கட்டி, விமானத்தில் வந்த உயிர், பயத்தில் வாயைத் திறக்காது என்பார். "பட்டினி மீனைக் கொடுத்து அனுப்புனா அது வித்த மாதிரி இல்லக்கா, தள்ளிவிட்ட மாதிரி."

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கடை ஆஸ்பத்திரியில் நோயாளி பார்க்கும் நேரம் மாதிரி இருக்கும். ஆளுக்கொரு தொட்டி முன்னால் உட்கார்ந்திருப்போம். கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் முருகனை உங்களுக்குத் தெரியும். விடுதியில் தங்கியிருப்பவர், மீன் வாங்க முடியாது, வாங்கினாலும் வைக்க இடம் கிடையாது. ஆனால் வாரம் தவறாமல் வருவார். அவரைத் தம்பி ஒரு நாளும் என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. எந்த மீன் இன்றைக்குச் சாப்பிடும் என்று டீ பந்தயம் கட்டுவது முருகனின் வேலை.

"அண்ணே, அந்த மூலைத் தொட்டி இன்னைக்குச் சாப்பிட்ரும் பாருங்க."

"போன வாரமும் இதையேதான் சொன்ன. நீ பாக்கி வச்ச டீயில ஒரு தொட்டி ரொப்பலாம்."

என் கோமாளி மீன் ஜோடி வாயைத் திறந்த அன்று கடையே கைதட்டியது. "அப்பத்தா, உங்க புள்ளைங்க சாப்பிட்ருச்சு, டீ வாங்குங்க!" என்று கத்தினார் முருகன். என் மகனுக்கு வேலை கிடைத்த அன்றுகூட எனக்கு இத்தனை பேர் கைதட்டவில்லை.

இதுவரை எழுதியதைப் படித்தால் தம்பி ஒரு குறையும் இல்லாதவர் போலத் தோன்றும். அவர் அப்படியில்லை. ஒருநாள் ஓர் உணவகத்துக்காரர் வந்தார். சுவர் நீளத்துக்குத் தொட்டி வேண்டும், பவளமும் மீனும் நிறைந்திருக்க வேண்டும், சனிக்கிழமை திறப்பு விழா. கேட்டதைக் கொடுத்திருந்தால் கடைக்கு நெடுநாள் கவலை இருந்திருக்காது. கிருமிகள் சேர்ந்து தண்ணீர் பழுக்கவே மாதக்கணக்கில் ஆகும் என்றார் தம்பி.

"ஓப்பனிங் சனிக்கிழமை லா, பிரதர்."

"அப்ப சனிக்கிழமைக்குத் தண்ணியும் கல்லும் வச்சுத் தர்றேன். அதுவும் பார்க்க அழகாத்தான் இருக்கும்."

உணவகத்துக்காரர் போய்விட்டார். ரீட்டா உள்ளேயிருந்து வந்தார். நான் உட்கார்ந்திருப்பதைக் கவனிக்கவில்லையோ, கவனித்தும் பரவாயில்லை என்று விட்டாரோ.

"மீன் பட்டினி கிடந்தா உங்களுக்கு மனசு தாங்காது. வீட்ல நாங்க? வாடகை கேட்டு வர்றவர் முன்னாலயும் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கவா?"

தம்பி என்னைப் பார்த்தார், நான் ஏதாவது தனக்காகச் சொல்வேன் என்று. ரீட்டா சொல்வதுதான் சரி என்று சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். வியாபாரம் தெரியாத நல்ல மனிதர் என்று அவரைப் புகழ்வது நமக்கு எளிது, அந்த வாடகையை நாம் கட்டவில்லை.

அடுத்த வாரம் போனபோது தொட்டிகளுக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. இரை எடுக்கும்வரை கடையில் இருக்கும் மீனுக்குத் தங்கும் கட்டணம் உண்டு என்று எழுதியிருந்தது. எழுத்து ரீட்டாவுடையது. தம்பி வெட்கப்பட்டுக்கொண்டு பின்னறையை விட்டு வெளியே வரவில்லை, உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்.

"மீனை வச்சுக்கிறதுக்குக் காசா? இது என்ன ஹோட்டலா ரீட்டா?"

"ஹோட்டலைவிட நல்லாத்தானே பாத்துக்கிறீங்க? அப்ப வாங்குங்க."

சிலர் சண்டை போட்டார்கள். சிலர் அன்றே வீட்டில் கொண்டுவந்து கொடுக்கும் கடைகளைத் தேடிப் போனார்கள். ஆனால் கட்டணம் கட்டியவர்கள் முன்னைவிட அடிக்கடி வந்தார்கள். காசு ஓடுகிறதே! என் மீன் ஏன் சாப்பிடவில்லை, என்ன கொடுத்தால் சாப்பிடும், தண்ணீரில் என்ன குறை என்று கேள்வியாகக் கேட்டார்கள். கேட்டால் தம்பிக்குப் பேச்சு நிற்காது. கற்றுக்கொண்டவர்களின் தொட்டியில் மீன் சாகவில்லை, சாகாததால் அவர்கள் திரும்ப வந்து இன்னும் வாங்கினார்கள். கடை பிழைத்தது. "நான் தொண்டை வறளச் சொன்னப்ப கேக்காதவன், ரீட்டா பில் போட்டதும் கேக்குறான்" என்று தம்பியே சொல்லிச் சிரிப்பார். மனைவியை எண்ணி அவருக்கிருந்த பெருமை அந்தச் சிரிப்பில் தெரியும்.

அவர் போன பிறகு கடை என்னவாகும் என்ற கவலை நம் எல்லோருக்கும் இருந்தது. அந்தச் சட்டம் என்னவாகும் என்ற கவலை எனக்குக் கூடுதலாக இருந்தது. சட்டம் தம்பியுடையது, சுமந்தது ரீட்டா. அவர் அதை இறக்கி வைத்திருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

அடக்கம் முடிந்து வந்த முதல் ஞாயிறு கடை திறந்திருந்தது. முருகன் இருந்தார், நான் இருந்தேன். ஓர் இளைஞர் வந்தார். அவர் பெயர்ச் சீட்டு ஒட்டிய தொட்டியில் ஒரு மஞ்சள் மீன், வந்ததிலிருந்து இரை எடுக்காதது.

"ஆன்ட்டி, சாரி, இந்த நேரத்துல கேக்குறேன். அங்கிள்தான் இல்லையே. நான் எடுத்துக்கிறேன் லா, ஃபுல் பே பண்ணியாச்சு. இன்னைக்கு வீட்டுல ஃபிரெண்ட்ஸ் வர்றாங்க."

ரீட்டா உறைந்த இரையை எடுத்துக் கரைத்தார். ஒரு துளி விட்டார். நாங்கள் எல்லோரும் எழுந்து வந்து நின்றோம். மீன் வந்தது, வாயில் வாங்கியது.

"துப்பிருச்சு" என்றார் முருகன்.

ரீட்டா கையைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு வாங்க தம்பி."

"அங்கிள் ரூலா ஆன்ட்டி?"

"என் ரூல். தங்குற கட்டணமும் நாளையிலேருந்து ஏத்தியாச்சு."

இளைஞர் எங்களைப் பார்த்தார். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நண்பர்களைத் தொலைபேசியில் அழைத்து, வேண்டுமானால் தேக்காவுக்கு வாருங்கள், மீன் இங்கேதான் இருக்கிறது என்றார். சாயங்காலம் அவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். கடையில் அன்றைக்கு நிற்க இடமில்லை.

தம்பியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. காசு கொடுத்துவிட்டதால் மட்டும் எதுவும் என்னுடையதாகிவிடாது, அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்த பிறகுதான் ஆகும். என் தொட்டியில் இன்றைக்குப் பவளம் கைவிரல் போலக் கிளைவிட்டிருக்கிறது. நிலா தன் வகுப்புத் தோழிகளைக் கூட்டிவந்து காட்டுகிறாள். இது எங்க பாட்டியோட தொட்டி என்கிறாள், அப்போது நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நிற்கிறேன்.

போன வாரம் ரீட்டாவிடம் சின்னதாக ஒரு நீல மீன் வாங்கினேன். புதுக் கட்டணம்தான் கட்டினேன், அவர் எனக்கென்று ஒரு வெள்ளி, ஒரு காசு குறைக்கவில்லை. நேற்றுப் போனேன், இன்னும் இரை எடுக்கவில்லை. கல்லிடுக்கிலிருந்து தலையை மட்டும் நீட்டி என்னைப் பார்த்தது. நாளைக்கும் போவேன்.