கித்தாருக்கு நான் பார்த்த வைத்தியம்

மாட்டெலும்பில் தேய்த்துச் செய்த அந்தப் பட்டை என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். கித்தாரின் வயிற்றுப் பலகையில் ஆறு தந்திகளும் அதன்மேல் ஏறித்தான் போகும். பால்வெட்டுக் கத்தி தீட்டும் கல்லில் அதைத் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்த நாட்களில் எனக்கு இருந்த பொறுமை, பிறகு பிள்ளை வளர்த்தபோதுகூட இருந்ததில்லை. அன்பினால் வந்த பொறுமை இல்லை அது. ஓர் ஆளை ஒழிக்க வேண்டும் என்ற வெறி. இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த ஆள், சிடாம் கிரிப் பக்கம் நாங்கள் பால் வெட்டிய ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதிய பெரிய கிராணி. ஜப்பான்காரன் வருகிறான் என்று வெள்ளைக்கார துரை ஓடியபோது, பங்களாவில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என் அண்ணனிடம் தன் கித்தாரைக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் தானாகவே வாசிக்கப் பழகிக்கொண்டான். தந்தி அறுந்தால் சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்துக் கட்டுவான். தந்தி எந்த இடத்தில் இரைகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. அவன் ஒவ்வொரு கட்டமாக அழுத்தி மீட்ட, நான் மரத்தில் காதை வைத்துக் கேட்டுச் சொல்வேன். அப்பா இல்லாத வீட்டில் எங்களுக்கு இருந்த ஒரே கொண்டாட்டம் அதுதான்.

வாசிக்கத் தெரிந்த கிராணிக்கு அந்தக் கித்தார்மேல் கண். இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார், அண்ணன் கொடுக்கவில்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தபோது பட்டியல் எழுதியது அவர்தான். ஒரே ஆண்பிள்ளை இருக்கும் வீட்டை விட்டுவிடுவது என்று லயத்து வீடுகளில் எல்லாரும் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் பட்டியலில் முதல் பெயரே என் அண்ணன் பெயர். லாரி போன மறுநாள் கிராணி செருப்போடு எங்கள் வீட்டுக்குள் வந்து கித்தாரை எடுத்துக்கொண்டார். "அவன் திரும்பி வர்ற வரைக்கும் எங்கிட்ட பத்திரமா இருக்கட்டும் லா" என்றார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். ஆறு மாதத்தில் சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர் சொன்னார், அண்ணன் காலராவில் போய்விட்டான் என்று.

அந்த மழைக்காலத்தில் கிராணி கித்தாரோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"இந்தா பொண்ணு, இது ஏன் இப்படி இரையுது? ஒங்கண்ணங்கிட்ட நல்லாத்தான பாடுச்சு?"

"எங்க வச்சிருந்தீங்கய்யா?"

"பொகை வீட்டுல. மழைக்குப் பூசணம் புடிச்சிடுமேன்னு ரப்பர் ஷீட்டோட சேத்து மாட்டி வச்சேன் லா."

ரப்பர் ஷீட் காயும் சூட்டில் கித்தாரையும் மாட்டிய புத்திசாலி! மரம் வற்றி, வயிற்றுப் பலகை உள்வாங்கி, தந்திகள் கீழே இறங்கிக் கழுத்தில் பதித்த கம்பிகளை உரசிக்கொண்டிருந்தன. அடுத்த வாரம் சுங்கைப் பட்டாணியிலிருந்து ஜப்பான் அதிகாரி விருந்துக்கு வருகிறாராம். வாசித்துக் காட்டுவதாக இவர் பெருமையாகச் சொல்லிவிட்டாராம்.

கெடுத்துக் கொடுக்கத்தான் முதலில் நினைத்தேன். விருந்தின் நடுவில் தந்தி அறுந்தால் கன்னத்தில் இரண்டு அறை விழும். எனக்கு அது போதாது. அந்த அதிகாரிக்கு ஒன்று பிடித்துவிட்டால் விடமாட்டார் என்பது ஊரறிந்த சங்கதி. கோலா கெத்திலில் ஒருவர் வைத்த மீன் குழம்பு பிடித்துப்போய், அங்கே தன் ஆட்களுக்குச் சமைக்கச் சொல்லி அவரையே சயாமுக்கு லாரி ஏற்றிவிட்டார். சயாம் போனவன் திரும்புவதில்லை என்பது மட்டும்தான் அப்போது என் மண்டையில் இருந்தது. கித்தார் நன்றாகப் பாட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஈரத் துணியைச் சுருட்டி அதன் வயிற்றுக்குள் வைத்தேன். நாலு நாளில் பலகை மெல்ல எழும்பியது. பழைய பட்டையை எடுத்துவிட்டு, ஒரு நெல்மணி கனம் கூடுதல் உயரத்தில் புதிய எலும்பை வைத்தேன். அப்படியும் ஒரு தந்தி ஏழாவது கட்டத்தில் கிர்ரென்றது. அம்மாவை மீட்டச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டேன். அடுத்திருந்த கம்பி இம்மியளவு தூக்கியிருந்தது. அரத்தால் தடவி அதை இறக்கினேன். அண்ணன் கையில்கூட அந்தக் கித்தார் அப்படிப் பாடியதில்லை.

விருந்தில் அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுநாள் காலையிலேயே லாரி வந்துவிட்டது. கிராணி கித்தாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினார். முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது. அன்று மரவள்ளிக்கிழங்கை இரண்டு வாய் கூடுதலாகத் தின்றேன்.

ஜப்பான்காரன் தோற்ற பிறகு சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு மத்தியானம் கிராணியும் வந்தார், தொப்பையோடு. நேராக எங்கள் வீட்டுக்கு வந்து என்னைக் கும்பிட்டார்.

"மம்பட்டியத் தொடவே விடல பொண்ணு. ஆபிசருங்க வீட்டுலயே வச்சிக்கிட்டானுங்க. தெனம் சோறு, மீனு. ஒரு நாள் இது இரைஞ்சிருந்தாலும் தண்டவாளத்துக்குத் தொரத்தியிருப்பானுங்க. ஒங்கையாலதான் நான் பொழச்சேன்."

அதற்குப் பிறகு அவர் முப்பது வருஷம் இருந்தார். பேரன் பேத்தி எடுத்துவிட்டுத்தான் போனார். என் அண்ணனைப் புதைத்த இடம்கூட எங்களுக்குத் தெரியாது.

இப்போது பாக்கார் ஆராங்கில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேரன் கித்தார் வாசிக்கிறான். நேற்று அவன் வாசித்தபோது தந்தி இரைந்தது. எந்தக் கட்டம் என்று எழுந்து போகாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. கடையில் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லிவிட்டேன். என் கை செய்த வேலைகளிலேயே நல்ல வேலை அந்தக் கிராணிக்குச் செய்ததுதான். நினைத்தால் இன்றும் இந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருக்கிறது.