முயலுக்கு ஒரு வாய்

என் மகள், கைவிடப்பட்ட முயல்களை மீட்டு வளர்க்கும் குழுவில் இருக்கிறாள். இன்று காலை அவள் கூடையைத் திறந்ததும் கொத்தமல்லித் தண்டின் வாசனை அடித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எண்பதுகளில் கிழக்குத் தாம்பரத்தில் வீடு காலி செய்கிறவர்கள் தங்கள் முயல்களை அப்பாவிடம்தான் விட்டுப் போவார்கள். மார்க்கெட்டில் கழித்துப் போட்ட கொத்தமல்லித் தண்டுகளை அவர் பை நிறைய அள்ளி வருவார். சாப்பிடாத முயலை மடியில் போட்டு, வயிற்றை நீவிவிட்டு, அரைத்த கீரையை இங்க் ஃபில்லரால் ஊட்டுவார்.

"ஒரு வாய் வாங்கிக்கோடா, கண்ணா."

என்னை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ஒருநாள் நானும் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"பையன் சாப்பிடலைங்க," என்றாள் அம்மா.

"பசிச்சா தானா சாப்பிடுவான். முயல் அப்படி இல்ல, வயிறு காய்ஞ்சா செத்துடும்," என்றார் அப்பா, தலை நிமிராமல்.

மகள் கொண்டுவந்த முயலை இன்றும் அப்பாதான் மடியில் வாங்கிக்கொண்டார். வயதாகித் தளர்ந்துவிட்டார். "கண்ணா" என்ற குரல் மட்டும் அதே குரல்.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இட்லி வைத்த என் தட்டை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு, அவர் நிமிர்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.