அறுபத்து நான்கு என்று சொன்ன மெஷின்

என் மனைவி வீட்டு வேலைக்குக் குவைத் போன வருடம், நான் திருப்பதியில் ஒரு நெட் சென்டரில் மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவதோடு நின்றவன். பார்த்துப் பார்த்துக் கற்றதுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் அவளுக்கு லீவு. அவள் சித்தி மகளும் அங்கேதான் வேலை செய்தாள். அந்தச் சித்தி மகளின் அறைக்குப் போய் என் மனைவி கம்ப்யூட்டரில் பேசுவாள். எங்கள் ஊர் நாகலாபுரத்திலிருந்து மூன்று வயது மகளைக் கூட்டிவந்து உட்காரவைப்பேன். திரையில் மனைவியின் முகம் எங்களுக்குத் தெரியும். கடைக் கேமரா வேலை செய்யாததால் எங்கள் முகம் அவளுக்குத் தெரியாது.

"கருப்பாவே கீது. ஊர் மெஷினெல்லாம் ரிப்பேர் பண்றியே, பொண்ணு மூஞ்சிய காட்ட முடியலியா?" என்று சிரித்தாள். அடுத்த வாரம் சிரிக்கவில்லை.

அவை லினக்ஸ் மெஷின்கள். அந்தக் கேமராவை ஓட்டும் மென்பொருள் பேக்கேஜை நானே தயாரிக்க வேண்டியிருந்தது. தயாராகிவிடும். நிறுவப் போனால், இது வேறு பிராசஸர் வகைக்கானது என்று தள்ளிவிடும். மெஷினைக் கேட்டால் அறுபத்து நான்கு பிட் என்றது. பேக்கேஜும் அதேதான். இணையத்தில் யாரையாவது கேட்க இங்கிலீஷில் நாலு வரி எழுதினேன். கூச்சமாக இருந்தது. அனுப்பாமல் அழித்தேன்.

"ஏம்பா, இங்கா எந்த சேபு? கஸ்டமர் நின்னுக்கினு கீறாங்க" என்று, இன்னும் எவ்வளவு நேரம் எனத் தெலுங்கு கலந்து முதலாளி அவசரப்படுத்தினார்.

அவரைப் பார்த்ததும்தான் உறைத்தது. முன்பு கடை போர்டில் '64 பிட்' என்று எழுதவைத்தவர் அவர். "போர்டு பொய் சொல்லக் கூடாது, எதையாவது மாத்து" என்றார். அன்றைக்கு நான் சிஸ்டத்தின் அடிப்படையான கெர்னலை மட்டும் அறுபத்து நான்குக்கு மாற்றினேன். மற்றதெல்லாம் பழைய முப்பத்திரண்டு பிட். பேக்கேஜ் செய்யும் ஸ்கிரிப்ட் கெர்னலை மட்டும் கேட்டு, அது சொன்னதை நம்பிவிட்டது. நிறுவும் மென்பொருளைக் கேட்கும்படி அந்த வரியை மாற்றினேன். கேமரா ஓடியது.

வெள்ளிக்கிழமை திரையில் சித்தி மகள் மட்டும் இருந்தாள்.

"அக்காவ வேற வீட்டுக்கு மாத்திட்டாங்க மாமா. அங்க லீவு கெடையாதாம். போனையும் வாங்கி வச்சிக்கினாங்க."

"எந்த வீடு? யாரைக் கேக்கறது?"

"எனக்கு இன்னா தெரியும் மாமா." திரையை நெருங்கி வந்து, "பாப்பா நல்லா தெரியுறா" என்றாள்.

"அம்மா எங்க நைனா?" என்று மகள் திரையைத் தட்டினாள்.

 மனைவி வழக்கமாகப் பேசும் அந்த ஒரு மணி நேரமும் மகளைக் கேமரா முன்னாலேயே உட்காரவைத்திருந்தேன்.