அனுப்பாத செய்தி

படத்தொகுப்புக் கூடத்தில் அவரைக் கத்தரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படச்சுருளை வெட்டிய காலம் மலையேறிவிட்டது, எல்லாம் கணினிக்குப் போய்விட்டது. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. இருபத்தாறு வருஷத்தில் பேய்ப் படம், அடிதடிப் படம் என்று எல்லாம் பார்த்துவிட்டார். சிரிக்க வைக்கிற காதல் படம் வந்தால் மட்டும் அவருக்கு உள்ளூர ஓர் உதறல். பேயை இந்த மேசையிலேயே உண்டாக்கிவிடலாம், இரண்டு பேருக்கு நடுவே இருக்கிற அந்த ஏதோ ஒன்றை உண்டாக்க முடியாது என்பார்.

அப்படி ஒரு படம் வந்தது. நாயகி பல் டாக்டர், நாயகன் லிஃப்ட் மெக்கானிக். பல் பிடுங்க ஊசி போட்டு மரத்துப்போன வாயோடு அவன் தன் காதலைச் சொல்வான். ஒரு சொல்லும் புரியாது. அதற்குப் பிறகு தெளிவாக எழுதி அனுப்புவான். அந்தச் செய்தியை அவளுடைய சித்தி பெண் அழித்துவிட, இருவரும் பிரிவார்கள்.

வெளியீட்டுக்கு முன் போட்டுக் காட்டும் சோதனைக் காட்சிக்கு இருநூறு பேர் வந்தார்கள். அக்கா எப்போதும் போலத் திரைக்கு அடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு, படத்துக்கு முதுகைக் காட்டி, முகங்களைப் பார்த்து உட்கார்ந்தார். ஊசிக் காட்சியில் அரங்கம் சிரிப்பில் குலுங்கியது. பிரிவு வந்ததும் கொட்டாவி. கடைசியில் இருவரும் சேர்ந்து கட்டிப்பிடித்தபோது முன்வரிசைக்காரர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

கருத்துச் சீட்டு ஒன்றில் யாரோ எழுதியிருந்தார்கள்: ‘ரெண்டு பேர் கையிலயும் போன் இருக்கே, ஒரு கால் பண்ணக் கூடாதா?’

இயக்குநருக்கு முகம் சுண்டிவிட்டது. இன்னும் இரண்டு சிரிப்புக் காட்சி சேர்க்கலாமா என்று தயாரிப்பாளர் கேட்டார். அக்கா மூன்று நாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கணவரிடம் அந்தச் சீட்டைப் பற்றிச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் அவர்களும் ஒரு சின்னச் சண்டையில் ஆறு மாதம் பேசாமல் இருந்தவர்கள்தான். அப்போது ஏன் போன் செய்யவில்லை என்று இத்தனை வருஷம் கழித்துக் கேட்டார். கணவர் பொத்தானை விட்டுவிட்டு யோசித்தார்.

“நீ எடுக்க மாட்டேன்னு பயமில்ல,” என்றார். “எடுத்துட்டா என்ன பண்றதுன்னுதான்.”

அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தார். இருபது வருஷம் பக்கத்திலேயே இருந்த மனிதரை அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பது போல் இருந்தது.

அன்றே கழித்துப்போட்ட காட்சிகளை எல்லாம் அலச ஆரம்பித்தார். இரண்டாம் நாள் அது கிடைத்தது. இயக்குநர் ‘கட்’ சொல்லிவிட்டார், விளக்கை மாற்றுகிறார்கள், கேமராவை நிறுத்த மறந்திருக்கிறார்கள். டாக்டரின் வெள்ளைக் கோட்டோடு நடிகை தன் சொந்த போனை எடுக்கிறாள். ஏதோ தட்டுகிறாள், படிக்கிறாள், அழிக்கிறாள். மறுபடி தட்டி மறுபடி அழிக்கிறாள். போனை மடியில் கவிழ்த்து வைக்கிறாள். ஒரு நொடி கழித்து அதன் ஓரத்தைத் தூக்கி, அனுப்பாத செய்திக்குப் பதில் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறாள்.

மொத்தம் பதினொரு வினாடி. அக்கா தனியறையில் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது.

ஆனால் அது திருட்டு அல்லவா? நடிகைக்கே போன் செய்து, விஷயத்தைச் சொல்லி, பயன்படுத்தலாமா என்று கேட்டார்.

“அக்கா, அது நடிப்பு இல்ல.”

“தெரியும்மா. அதனாலதான் கேக்கறேன். வேண்டாம்னா இப்பவே அழிச்சிடறேன்.”

“வெச்சுக்கோங்க,” என்றாள் நடிகை கடைசியில். “யாருக்காவது உதவட்டும்.”

அந்தச் செய்தி யாருக்கு என்று அக்கா கேட்கவில்லை.

சித்தி பெண்ணையும் அழிந்த செய்தியையும் சேர்த்துப் பன்னிரண்டு நிமிஷத்தைத் தூக்கினார். மரத்த வாயோடு அவன் உளறி முடித்ததும், நேராக அந்தப் பதினொரு வினாடி. இப்போது கதையே மாறிவிட்டது. அவன் சொன்னது அவளுக்குப் புரிந்திருக்கிறது, பயத்தில் புரியாதது போல் இருக்கிறாள். தடுக்க வெளியாள் யாரும் தேவைப்படவில்லை.

இரண்டாம் சோதனைக் காட்சிக்கு வேறு இருநூறு பேர். அக்கா அதே ஸ்டூலில் முகங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவள் போனின் ஓரத்தைத் தூக்கியதும் சிரிப்பு வெடித்தது. பாதியிலேயே நின்றது. அத்தனை முகமும் ஒரே நேரத்தில் இளகியது. வழுக்கைத் தலைக்காரர் ஒருவர், கல்லூரிப் பெண்கள் இருவர், சீருடையோடு வந்திருந்த நர்ஸ், எல்லார் முகத்திலும் அதே பார்வை. ஒவ்வொருவரும் என்றோ அனுப்பாமல் விட்டதை அங்கே வாசித்துக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத இருநூறு பேருக்குள் ஒரே மாதிரி வலிக்கிற ஓர் இடம் இருப்பதை அக்கா கண்ணால் கண்டார்.

விளக்குப் போட்டதும் இயக்குநர் ஓடி வந்தார்.

“இது வேலை செய்யும்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

“தெரியாது தம்பி. எனக்கே இன்னும் நம்ப முடியல.”

படம் ஏழு வாரம் ஓடியது. அந்தக் காட்சியின் நடிப்பைப் பத்திரிகைகள் மெச்சின. அக்கா வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை பேய்ப் படம் ஒன்று மேசைக்கு வந்தது. வழக்கமாகக் கழித்துப்போட்ட காட்சிகளைக் கடைசியாகத்தான் திறப்பார். இந்த முறை முதலில் அதைத் திறந்தார்.