ஐந்தருவியில் அத்தையின் வெள்ளோட்டம்

எங்கள் அத்தைக்கு எதையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். தென்காசியில் கோயிலுக்குத் தெற்கே ஒரு சந்தில் மிஷின் போட்டுப் பெண்களுக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். தைத்து முடித்த ஜாக்கெட்டை வந்தவர் கையில் கொடுப்பதற்கு முன்னால், அவர் கண்ணெதிரிலேயே அக்குள் தையலை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுப்பாள். வந்தவர் பதறிப்போவார். "இப்பப் பிரிஞ்சா நம்ம ரெண்டு பேரோட போயிரும். கல்யாண வீட்டுல வச்சுப் பிரிஞ்சா என்ன செய்வீய?" என்பாள். அப்படிப் பிரிந்து நான் பார்த்ததில்லை.

என் அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் பள்ளிக்கூடம் விட்டால் எனக்கு அத்தை வீடுதான். அத்தைக்கும் மாமாவுக்கும் பிள்ளை கிடையாது. அதனால் அந்த வீட்டில் எனக்கு நடந்த ராஜ உபசாரம் கொஞ்சநஞ்சமில்லை.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் அத்தைக்குச் சிறுநீரில் ரத்தம் போயிற்று. வலி இல்லை. உடம்புச் சூடு என்று அவளே முடிவு கட்டி, இளநீர், வெந்தயம், மோர் என்று நாலைந்து மாதம் ஓட்டினாள். ஒருவழியாக மாமா இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்து, பிறகு உள்ளே குழாய் விட்டுச் சதை எடுத்துப் பரிசோதித்தபோது, சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. வேறு எங்கும் பரவவில்லை. ஆனால் பையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

பை இல்லாவிட்டால் மூத்திரம் எங்கே போகும் என்று நான் கேட்டேன். பெரியவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். உண்மையில் அந்த வீட்டில் எல்லார் மனத்திலும் இருந்த கேள்வி அதுதான், கேட்கிற தைரியம் எனக்குத்தான் இருந்தது.

முதலில் மதுரையில் ஒரு பெரிய டாக்டரைப் பார்த்தார்கள். கைராசிக்காரர் என்று பெயர். அவர் குடலிலிருந்து ஒரு துண்டை எடுத்து உள்ளேயே புதிதாக ஒரு பை செய்து வைத்துவிடலாம், வெளியே யாருக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். அந்த 'யாருக்கும் தெரியாது' மாமாவுக்குத் தேனாக இனித்துவிட்டது. ஊருக்குத் திரும்பிய பிறகு அதையே பத்துத் தடவை சொன்னார்.

அத்தைக்குத் திருப்தி இல்லை. இன்னொருவரையும் பார்ப்போம் என்று பிடிவாதம் பிடித்தாள். அப்படித்தான் ஒரு சனிக்கிழமை திருநெல்வேலிக்குப் போனோம். என்னைப் பார்த்துக்கொள்ள அன்று ஆள் இல்லாததால் நானும் போனேன்.

அந்த டாக்டருக்கு வயது குறைவு. ரிப்போர்ட்டை எல்லாம் படித்துவிட்டு, "என்ன வேலை பாக்கீங்க?" என்றார். தையல் என்றதும், மிஷினில் உட்காருகிற மாதிரி உட்காரச் சொன்னார். குனிந்து ஊசியில் நூல் கோக்கச் சொன்னார். பிறகு நர்ஸம்மா திரையை இழுத்துவிட்டு, "பாவாடை நாடா எங்கன கட்டுவீங்க?" என்று கேட்டு, உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியவைத்து, தொப்புளுக்கு வலது புறம் சற்றுக் கீழே மடிப்பு விழாத இடமாகப் பார்த்துப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டாள். திரை இடுக்கில் நான் பார்த்துவிட்டேன். இவர்களும் தையல்காரர்கள்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் இரண்டு வழியையும் பிட்டுப் பிட்டு வைத்தார். உள்ளே பை வைத்தால் வெளியே தெரியாதுதான், ஆனால் மணி பார்த்துத்தான் போக வேண்டும், ராத்திரியும் அலாரம் வைத்து எழும்ப வேண்டும், கொஞ்ச நாள் கசியும், சிலருக்குத் தாங்களே குழாய் விட்டு எடுக்க வேண்டியும் வரலாம். இன்னொரு வழியில் மூத்திரம் வெளியே வர வயிற்றில் சின்னதாக ஒரு வாய் வைப்பார்கள், அதன்மேல் பையை ஒட்டிக்கொள்ள வேண்டும், அது ஆயுசுக்கும் கூடவே இருக்கும். "உள்ளே வைக்கிறதுதான் வேணும்னா மதுரை டாக்டர் என்னைவிட நிறையச் செஞ்சவர். நானே லெட்டர் தாறேன்" என்றும் சொன்னார். தன்னிடம் வந்தவரை இன்னொருவரிடம் போகச் சொல்லும் ஆளை அத்தை அன்றுதான் பார்த்திருப்பாள்.

கிளம்பும்போது நர்ஸம்மா இரண்டு பைகளைக் கொடுத்தாள். தண்ணீர் ஊற்றி, குறி போட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு, இரண்டு நாள் வழக்கம்போல இருந்து பார்த்துவிட்டு இரண்டு வாரத்தில் வந்து முடிவைச் சொல்லலாம் என்றாள். அத்தையிடம் போய் இதைச் சொன்னால் கேட்கவா வேண்டும்?

தண்ணீர் கசிந்தால் தெரியாது என்று அத்தை பால் விடாத டீயை ஆறவைத்து ஊற்றினாள். கறை பட்டால் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று வெள்ளைப் பாப்ளினில், ஈரத்தில் உடம்பு தெரியாதபடி உள்ளே லைனிங் கொடுத்து ஒரு நைட்டி தைத்தாள். பின்பக்கம் கறை படுகிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஒரு நாள் முழுக்க அதோடு மிஷின் மிதித்தாள், பாத்திரம் தேய்த்தாள், மினிபஸ்ஸில் ஏறி இறங்கினாள். ஒரு சொட்டுக் கசியவில்லை.

எனக்கு இது மாமாவுக்கும் அத்தைக்கும் நடக்கிற பந்தயம் என்றே பட்டது. கறை பட்டால் மாமா கட்சி ஜெயிக்கும், அத்தை வயிற்றுக்குள் பை வைத்துக்கொள்வாள். படாவிட்டால் அத்தை கட்சி. கேரம் போர்டில் மாமா என்னைத் தொடர்ந்து தோற்கடித்துக்கொண்டிருந்த காலம் அது. நான் அத்தை கட்சி.

ஆனாலும் அத்தை தூங்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்த வாரம் ராத்திரியும் நான் அங்கேதான். பக்கத்தில் படுத்திருப்பேன், விழித்துப் பார்த்தால் கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தபடி கிடப்பாள். ஒருநாள், "ஏட்டி, என்மேல ஏதும் வாடை அடிக்கா?" என்று கேட்டாள். டீ வாடை என்றேன். சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "அருவியையும் பாத்துருவோம்" என்று கிளம்பிவிட்டாள். குற்றாலத்தில் சாரல் காலம். ஐந்தருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. மாமா ஆண்கள் பக்கம் போய்விட்டார். பெண்கள் பக்கம் ஒரே நெரிசல், கூச்சல், எண்ணெய் வாடை. எனக்கு அருவி என்றால் தூரத்தில் நின்று பார்க்கப் பிடிக்கும். அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே புகுந்தாள். முதுகைத் தண்ணீருக்குக் காட்டி, வயிற்றைப் பாறைப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றாள். நான் என் வேலையை மறக்காமல் நைட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று தண்ணீர் பலமாக விழுந்தது. கால் வழுக்கியது. நான் அலறிக்கொண்டு அத்தையின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துத் தொங்கினேன். துணிக்குள் ஏதோ பிய்ந்து வருவது என் விரலுக்கே தெரிந்தது. டீ குபுக்கென்று வெளிவந்து, என் கைகளில் வழிந்து, வெள்ளை நைட்டி முழுக்க இறங்கியது.

அத்தை அப்படியே விறைத்து நின்றாள். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு மலையாள அம்மாள் அதைப் பார்த்தாள். "சாரமில்ல, சாரமில்ல" என்றாள். பரவாயில்லை என்று அதற்கு அர்த்தமாம். தன் முதுகைத் திருப்பி எங்களுக்கு மறைப்பாக நின்றுகொண்டு, மகளையும் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டாள். மற்றவர்கள் ஒரு பார்வை பார்த்தார்கள், பிறகு அவரவர் இடத்துக்கு அடித்துக்கொள்ளப் போய்விட்டார்கள். ஒரு நிமிடம் இருக்குமா? அருவி எல்லாவற்றையும் கழுவிவிட்டது. அந்த அம்மாள் யாரோ, எந்த ஊரோ, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

உடை மாற்றும் இடத்தில் நான் தேம்பித் தேம்பி அழுதேன். "நான்தான் பிச்சுட்டேன் அத்தை, தோத்துட்டோம்" என்றேன். அத்தை ஈர நைட்டியைப் பிழிந்தபடி, "அம்புட்டுதானா?" என்றாள், என்னிடம் இல்லை, தனக்குத்தானே. "இதுக்கா நான் ஒரு வாரமா கெடந்து உருண்டேன்?" வெளியே வந்து எனக்கு மங்குஸ்தான் வாங்கிக் கொடுத்தாள். விஷயம் கேள்விப்பட்ட மாமா, "நான்தான் சொன்னேம்லா" என்றார். அத்தை பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். தோற்றுவிட்டோம் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது.

இன்றைக்கு அத்தைக்கு நரை விழுந்துவிட்டது. அதே சந்தில் அதே மிஷின். அந்த டாக்டர் நாள் முழுக்க நின்று செய்த ஆபரேஷனும், நர்ஸம்மா பேனாவால் போட்ட அந்தக் குறியும் அவளை எங்களுக்குத் திருப்பித் தந்தன. இரண்டு பேரையும் நினைக்காமல் எங்கள் வீட்டில் ஒரு நல்ல நாள் போவதில்லை. ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது ஆபரேஷன் இல்லை, அதற்கு முன்னால் முடிவு சொல்லப் போன சனிக்கிழமை.

முடிவு பண்ணிவிட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். "நீங்களே செய்யுங்க சார். அளவெடுத்துட்டு வெட்டுத ஆளு நீங்க. வெளிப் பையே போதும்" என்றாள் அத்தை.

மாமா துள்ளிவிட்டார். "ஏளா, அன்னைக்குப் பிரிஞ்சுதானே போச்சு!"

"பிரிஞ்சதுனாலதான் சொல்லுதேன். பிரிஞ்சா என்ன ஆவும்னு பாத்துட்டேன். இந்தப் பிள்ளை கையெல்லாம் ஒழுகிச்சு. அவ கையை எடுக்கலையே. விடாம என்னையப் பிடிச்சிட்டே நின்னா. அது போதும் எனக்கு."

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. நான் பிடித்துக்கொண்டது அருவிக்குப் பயந்து. கையை விட்டால் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும் என்று பிடித்தேன். போதாக்குறைக்கு வழிந்தது டீ என்று எனக்கு நன்றாகத் தெரியும். இதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அத்தை என் பக்கம் திரும்பி, கண்ணாலேயே வேண்டாம் என்றாள். பொய் சொன்னால் வாயில் போடுகிறவள், உண்மையைச் சொல்ல வேண்டாம் என்கிறாளே என்று விழித்தேன்.

டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மாமா மடியில் கிடந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு நர்ஸம்மாவை நிமிர்ந்து பார்த்து, "அம்மா, அந்தப் பையை மாத்தி ஒட்டுததுக்கு எனக்கும் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டார்.

புற்றுநோய் என்று சொன்ன அன்றுகூட அழாத அத்தை, முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பந்தயத்தில் ஜெயித்தவள் எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு அன்று புரியவே இல்லை.