இருநூற்றுப் பதினாறு தொடக்கங்கள்

திரை கறுத்து, "இதுவரை விளையாடியதற்கு நன்றி. முழு விளையாட்டையும் பெற இங்கே அழுத்தவும்" என்ற எழுத்து வந்ததும் அவர் முகத்தில் ஒரு நிறைவு பரவும். மற்றவர்களுக்கு எரிச்சல் வருகிற இடம் அது. வாயருகே வந்த கரண்டியை யாரோ பிடுங்கிக்கொண்டது போலிருக்கும். இவரோ கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பக்கத்திலிருக்கும் நீள நோட்டை எடுப்பார். தேதி, விளையாட்டின் பெயர், கைக்கடிகாரத்தில் கணக்குப் பார்த்து எடுத்துக்கொண்ட நேரம், கண்ட குறைகள். கடைசிக் கட்டத்தில் மூன்றில் ஒன்றை எழுத வேண்டும்: தகுதி, தகுதியில்லை, மறு ஆய்வு. விளையாட்டின் தொடக்கத்தை மட்டும் இலவசமாக ஆடிப் பார்க்கத் தருகிற டெமோக்களில், எட்டு வருடத்தில் இருநூற்றுப் பதினைந்தை ஆராய்ந்திருக்கிறார். நாற்பத்து மூன்று, தகுதியில்லை. மீதி அத்தனையும் மறு ஆய்வு. 'தகுதி' என்ற சொல் பக்கத்தின் தலைப்பில் இருக்கிறதே தவிர, கீழே ஒரு வரியிலும் இல்லை.

வேலை, லிஃப்ட் ஆய்வு. நகரத்தில் மாடிக் கட்டடம் எதுவாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை இவர் வந்து, வடத்தைத் தடவிப் பார்த்து, கூரைமேல் ஏறி, குழிக்குள் இறங்கி, பதின்மூன்று பேர் எடைக்கு இரும்புக் கட்டிகளை ஏற்றி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நாற்பது நிமிடத்தில் போட்டுவிடுவார். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஊரே மேலும் கீழும் போய்வருகிறது. பதின்மூன்று உயிர்களுக்கு நாற்பது நிமிடம் போதும் என்கிறவருக்கு, இரண்டு முயல்கள் கேரட் பிடுங்குகிற விளையாட்டை வாங்கலாமா என்று முடிவு செய்ய ஆறு வருடம் போதவில்லை. முயல்கள் இன்னும் மறு ஆய்வில்தான் இருக்கின்றன.

கஞ்சர் என்று நினைத்துவிட வேண்டாம். மகளுக்குக் கடையிலேயே உசத்தியான லேப்டாப் வாங்கிக்கொடுத்தவர். மறு ஆய்வில் இருக்கும் டெமோக்களை அழிக்கக் கூடாது என்பது இவர் வகுத்த சட்டம். அவை பெருகி இடம் போதாமல் போனதால் தனியாக இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி மாட்டியிருக்கிறார். இலவசமாகக் கிடைத்தவற்றை வைத்துக்கொள்ளச் செலவழித்ததில் நாலு முழு விளையாட்டுகள் வாங்கியிருக்கலாம். அதைச் சொன்னால், "அது பொருளு. இது முடிவு. ரெண்டும் ஒண்ணா?" என்பார்.

அவர் கொள்கை எளியது. "முதல் ஒரு மணி நேரத்துக்குத்தான் அவன் மனசு வச்சு உழைச்சிருப்பான். அதுக்கப்புறம் அதையே போட்டு இழுப்பான்."

"ஒரு கேமைக்கூட முழுசா விளையாடினதில்லையே, எப்படித் தெரியும்?"

"விளையாடாததாலதான் ஏமாறாம இருக்கேன்."

இப்படிப்பட்ட பதிலுக்குப் பிறகு பேச்சைத் தொடர மனிதர்களால் முடியாது. கேம் கடைக்காரர் மட்டும் அவ்வப்போது முயன்று பார்ப்பார். கடை வாசலில் வாடிக்கையாளர்கள் ஆடிப் பார்க்க ஒரு டிவி இருக்கிறது. இவர் வந்ததும் கடைக்காரர் நாற்காலி போட்டுவிடுவார். மரியாதைக்காக அல்ல, நின்றால் வழியை மறைக்கிறார்.

"டெமோ சார், ஒண்ணு கேட்டாக் கோச்சுக்கமாட்டீங்களே? வாங்கற எண்ணம் ஏதாவது இருக்கா?"

"இல்லாம வருவேனா?"

"எப்போ?"

"முதல்ல பாக்கணும்ல?"

"எட்டு வருஷமா பாத்துக்கிட்டுதானே சார் இருக்கீங்க!"

"இந்த எட்டு வருஷத்துல நீங்க கண்ணாடி அலமாரிய மூணு தடவை மாத்தினீங்க. அவசரப்பட்டதால வந்தது."

"அலமாரிக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"யோசிச்சுப் பாருங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். கடைக்காரரும் பாவம், யோசித்திருக்கிறார்.

ஆனாலும் கடைக்காரருக்கு வாரத்தில் அரை மணி நேரம்தான். வீட்டிலிருக்கும் அம்மணிக்கு இருபத்தோரு வருடம். அம்மணி டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும் மாணவர்களைக்கூடக் குரல் உயராமல் நகர்த்திவிடுகிறவர். அந்தப் பொறுமை வீட்டு வாசல்படியோடு சரி. "நூறு நாள் படுத்துப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம்" என்று ஒரு மெத்தைக் கம்பெனி விளம்பரம் செய்தபோது, இவர் தொண்ணூற்றெட்டாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கம்பெனி மெத்தையை வரவழைத்தார். இப்போது இருப்பது நாலாவது. "என் முதுகு ஒரு மெத்தையோட பழகி, சரி இனிமே இதுதான்னு நிம்மதியாகும்போது அது லாரியில ஏறிப் போயிடுதுங்க," என்று அம்மணி எலும்பு டாக்டரிடமே சொல்லியிருக்கிறார். டாக்டர் வேறொரு மாத்திரை எழுதிக்கொடுத்து, பத்து நாள் சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். கணவருக்கு அந்த டாக்டரை மிகவும் பிடித்துவிட்டது.

இருநூற்றுப் பதினாறாவதாக வந்த டெமோவுக்கு ஆள் இரண்டு பேர் வேண்டும். இத்தகைய வேளைகளில் துணைக்கு உட்காருகிற மகள் படிப்பதற்காக வெளியூர் போயிருந்தாள். ஒரு சனிக்கிழமை மதியம், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மணியின் கையில் இரண்டாவது கன்ட்ரோலரைத் திணித்தார்.

"எனக்கெதுக்கு இந்தக் கருமம்?"

"சும்மா புடி. நாப்பது நிமிஷம்."

ஊரெல்லாம் வெள்ளம். இரண்டு தபால்காரர்கள் ஒரே ஒரு கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. அம்மணி கன்ட்ரோலரை ஸ்டியரிங் போலப் பிடித்து, தபால்காரர் திரும்ப வேண்டிய பக்கமெல்லாம் தானும் சாய்ந்தார். "உடம்பத் திருப்பாத, விரலத் திருப்பு," என்றார் கணவர். பதினொரு வருடமாகத் தான் பிறருக்குச் சொல்லிவருவதைத் தனக்கே ஒருவர் சொன்னதும் அம்மணிக்கு ரோஷம் வந்துவிட்டது. பிறகு எழுந்திருக்கவில்லை.

வழியில் ஓர் உடைந்த பாலம். ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஊசலாடிக் குதித்து அக்கரை சேர வேண்டும். குதிக்கிற பங்கு அம்மணிக்கு. அன்று முடியவில்லை. அடுத்த சனிக்கிழமையும் முடியவில்லை. வெந்நீரில் கட்டைவிரலை முக்கி எடுத்துவிட்டு மூன்றாவது சனிக்கிழமை உட்கார்ந்தவர், நாலரை மணிக்குக் குதித்தே விட்டார். அவர் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் மணியடித்து யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுப் போனார். அக்கரையில் ஒரு வீடு. கதவைத் தட்டினார்கள். உள்ளே காலடிச் சத்தம். தாழ்ப்பாள் நகர்ந்தது. திரை கறுத்தது. "இதுவரை விளையாடியதற்கு நன்றி."

"யாருங்க திறந்தது?"

"யாராவது திறப்பாங்க. அவங்க வீடு."

"லெட்டர் யாருக்குன்னே சொல்லலையே!"

"அத முழு கேம்ல சொல்லுவான்."

"அப்ப வாங்குங்க."

அவர் அதற்குள் எழுதிக்கொண்டிருந்தார். மறு ஆய்வு.

மூன்று மாதம் ஓடியது. சனிக்கிழமைதோறும் மறு ஆய்வு நடந்தது. அம்மணி குதித்த இடத்தை அப்படியே சேமித்து வைத்துவிட்டு, முதலிலிருந்து புதிதாகத் தொடங்கி, இருவர் ஆட வேண்டியதைத் தனியாளாக ஆடுவார். அம்மணியின் தபால்காரர் கவனிப்பாரற்று ஓரமாக நிற்பார். சமையலறையிலிருந்து குரல் வரும்: "என் ஆள ஏன் இப்படி மழையில நிறுத்தி வச்சிருக்கீங்க?"

"நீ வந்தா அவன் நகரப்போறான்."

"வரமாட்டேன். இன்னொரு தடவை அந்தக் கதவத் தட்டமாட்டேன். தட்டினாத் திறக்கணும்."

வேடிக்கையாகத்தான் சொன்னார் என்று கணவர் எடுத்துக்கொண்டார். அம்மணிக்கு அது வேடிக்கையாக இல்லை. மகள் போனபின் இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே விஷயத்துக்காகச் சண்டை போட்டது அந்த மூன்று சனிக்கிழமைகள்தாம். இனி ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு வேலை என்று வீடு பிரிந்துவிடுமோ என்ற கவலைக்கு நடுவில் ஒரு கதவு வந்திருந்தது. அதையும் அவர் பாதியில் நிறுத்தி, நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். வண்டியில் போகும்போது எந்த வீட்டுக் கதவு திறந்தாலும் அம்மணி திரும்பிப் பார்க்கலானார். அப்படித் திரும்பிய ஒரு காலை, மாணவி ஒருத்தி வண்டியை நடைபாதைமேல் ஏற்றிவிட்டாள். சொல்லிக்கொடுப்பவருக்கென்று பக்கத்து இருக்கையில் வைத்திருக்கும் பிரேக்கை மிதிக்க வேண்டிய அம்மணியின் கால் மிதிக்கவில்லை. யாருக்கும் அடியில்லை. பதினொரு வருடத்தில் முதல் தடவை. மாணவி மன்னிப்புக் கேட்டாள். அம்மணிக்கு அழுகை வந்தது.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும், கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகை மாட்டிய வண்டியை நேரே கேம் கடை வாசலில் நிறுத்தினார்.

"டெமோ சார் வீட்டம்மாவா? உக்காருங்க மேடம். தண்ணி குடிக்கிறீங்களா?"

"அந்தத் தபால்காரர் கேம் குடுங்க."

"பாக்கறதுக்கா மேடம்?"

"வாங்கறதுக்கு."

கடைக்காரர் உள்ளே போனவர் திரும்பி வந்து, "வாங்கறதுக்குத்தானே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டு மறுபடியும் போனார். பெட்டியைப் பையில் போடும்போது, "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. டெமோல எங்க விட்டீங்களோ அங்கேயிருந்தே இது ஆரம்பிக்கும். டெமோவ அழிச்சிடாதீங்க. அழிச்சா முதல்லேருந்து," என்றார்.

அம்மணி சிரித்தார். "அவரா அழிப்பாரு? நூத்தி எழுபத்திமூண அடைகாத்துக்கிட்டு இருக்காரு."

வீட்டுக் கதவைத் திறந்த கணவர் முகத்தில் இருபத்தோரு வருடத்தில் சில தடவையே தென்பட்ட ஒரு சிரிப்பு இருந்தது. "வா வா, உனக்கு ஒண்ணு காட்டணும்," என்று நோட்டை நீட்டினார். வரிசை எண் இருநூற்றுப் பதினாறு. கடைசிக் கட்டத்தில், லிஃப்ட் சான்றிதழில் எழுதுகிற அதே நிதானமான எழுத்தில், 'தகுதி'. கீழே கையெழுத்தும் தேதியும்.

அம்மணி பையிலிருந்த பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நிஜமாவா?"

"போன வாரம் கடைசி ஆய்வு. குறையே இல்ல. வாங்கிடலாம்." பிறகு, கடமையை முழுக்க முடித்தவரின் பெருமிதத்தோடு, "ஃபைலயும் மூடிட்டேன்," என்றார்.

"மூடிட்டேன்னா?"

"முடிவு எழுதியாச்சுன்னா அழிச்சிடறதுதானே முறை? இப்பதான் அழிச்சேன். பத்து நிமிஷம்கூட ஆகல."

அம்மணி பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, காலணியைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார். "மூணு வாரம்ங்க. மூணு வாரம் குதிச்சேன்."

பெட்டியைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் மெல்லப் புரிந்தது. "திரும்பக் குதிச்சாப் போச்சு," என்றார். அம்மணி பார்த்த பார்வையில் 'போச்சு' பாதியிலேயே தேய்ந்தது.

"இத்தன வருஷத்துல ஒரே ஒரு முடிவு எடுத்தீங்க. அதையும் இப்படியா எடுக்கணும்?"

அவர் பெட்டியைக் கையிலெடுத்து நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "பிரிச்சாத் திருப்பித் தர முடியாதுன்னு போட்டிருக்கான்," என்று ஆரம்பித்தார். அம்மணி அதைப் பிடுங்கி, மேலே சுற்றியிருந்த தாளைப் பல்லால் கிழித்தார்.

மறுபடி மழை, வெள்ளம், உடைந்த பாலம். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அம்மணி குதித்து விழுந்தார். மறுபடி விழுந்தார். விரலைத் திருப்பு, உடம்பைத் திருப்பாதே என்று எந்த உபதேசமும் வரவில்லை. கயிறு மட்டும் ஒவ்வொரு தடவையும் தயாராக இருந்தது. பத்தொன்பதாவது தடவை கால் அக்கரையில் பட்டது. இந்த முறை யாரும் கத்தவில்லை. கதவைத் தட்டினார்கள். காலடிச் சத்தம். தாழ்ப்பாள் நகர்ந்தது.

கதவு திறந்தது. விளக்கோடு நின்ற ஒரு கிழவர் உறையை வாங்கிப் பார்த்துவிட்டு, இது எனக்கு வந்ததில்லை, மலைக்கு அந்தப்பக்கம் இருக்கிற வீட்டுக்கு என்று திருப்பிக் கொடுத்தார். திரை நிறைய ஒரு வரைபடம் விரிந்தது. அவர்கள் இதுவரை வந்த தூரம் அதன் ஒரு மூலையில் நகக்கண் அளவு தெரிந்தது.

"என்னடா இது, நாலு மாசத்துக்குக் குறையாது போலிருக்கே!" என்று சலித்துக்கொண்ட கணவர், அப்படிச் சொல்லிக்கொண்டே இடது கைக் கடிகாரத்தைக் கழற்றி, முகம் கீழே இருக்கும்படி மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.