செலின் மேரி எடுத்த பிடியரிசி

வில்லியனூருக்கு மேற்கே கரும்புக் கொல்லைகளைத் தாண்டி இருக்கிற சின்னப் பங்கு அது. கிறிஸ்தவ வீடுகள் மொத்தமே இருபத்தெட்டு. காலையில் உலை வைக்கிறபோது ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று டப்பாவில் போட்டுவிட்டுத்தான் மற்றதைக் களைவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் செலின் மேரி போய் அதை வாங்கி வருவாள். பதினாறு வருஷமாக அவள்தான் போனாள். ரேஷன் கடை மூடிக் கிடந்த காலத்தில்கூட ஒரு வாரம் நிற்கவில்லை. சேர்ந்த அரிசியை மாசம் ஒருமுறை இடியாப்ப மாவு அரைக்கிறவர் காசு கொடுத்து எடுத்துக்கொள்வார். அந்தக் காசு சீக்காளிக்கும் பிள்ளைகளின் பீசுக்கும் போகும்.

போன தவக்காலத்தில் ஆரோக்கிய பிரகாஷ் பங்குப் பேரவைக்குப் பொருளாளராக வந்தான். ஒவ்வொரு வீட்டு அரிசியையும் தனித்தனிக் கவரில் வாங்கணும், எடை போட்டு நோட்டில் எழுதினபிறகுதான் சாக்கில் கொட்டணும் என்றான்.

"இத்தினி வருசம் என் இடுப்புதான்டா தராசு. அதுக்கு இன்னா கொறச்ச வந்துட்டுது?" என்றாள் செலின் மேரி.

"உன்ன நம்பாம இல்ல பெரிம்மா. உனக்கப்புறம் வர்றவங்கள எப்படி நம்பறது?"

அவன் சொன்னதிலும் குற்றமில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. கவரை எடுத்து வீட்டுப் பேரைச் சொல்வாள், அவன் எழுதிக்கொள்வான். சாக்கு இருக்கிற அறையின் சாவி மட்டும் அவள் முந்தானையிலேயே இருந்தது.

ஆவணி மாசம் ஒரு சனிக்கிழமை மரிய சுகந்தி வீட்டு டப்பா காலியாக இருந்தது. திருவிழாவில் ஒருநாள் உபயம் இரண்டு தலைமுறையாக அந்த வீட்டுடையது.

"எலி உருட்டிட்டுதுக்கா, அடுத்த வாரம் சேத்துத் தர்றேன்" என்றாள் சுகந்தி. விளக்கு வைக்கிற நேரம். அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது. பெண் பிள்ளைகள் இரண்டும் டீயில் பன்னைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தன. செலின் மேரி தன் வீட்டுப் பிடியரிசியிலேயே பாதியைப் பிரித்து, சுகந்தி வீட்டுக் கவர் என்று பிரகாஷிடம் கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை ஏரிக்கரைப் பக்கம் போனவள், சுகந்தியின் புருஷன் டேவிட் ராஜைப் பார்த்தாள். அரியாங்குப்பத்தில் டைல்ஸ் கடையில் வேலை, தினம் வண்டியில் போய்வருகிறவன். உச்சி வெயிலில் வண்டியைப் புளிய மரத்தடியில் நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். வேலை போய்விட்டது என்று ஊருக்குத் தெரியக்கூடாதென்று தினமும் கிளம்பி வந்து அங்கே பொழுதைக் கழிக்கிறான் போலிருக்கிறது.

செலின் மேரி வீட்டில் அரிசி இல்லாமல் இல்லை. ஆனால் பானையில் கை வைத்தால் மருமகள் செல்வகுமாரிக்குப் பதில் சொல்லணும். கோயில் சாக்கென்றால் யார் கேட்கப் போகிறார்கள்? கை அங்கே போய்விட்டது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். எவ்வளவு நல்ல மனசென்று சொன்னாலும் அது தப்புதான். அவளும் இல்லையென்று சொல்லமாட்டாள்.

மூன்று கிலோவை முந்தானையில் மறைத்துப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "பல வூட்டு அரிசிடி, ஒண்ணா வேகாது. அரைச்சு மாவா ஊத்திக் குடு" என்றாள். சுகந்தி வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அடுத்த சனிக்கிழமை சுகந்தி டப்பாவை நீட்டினாள். ஏழு பிடி இருந்தது. ரேஷனின் தடி அரிசி, பொன்னி, நொய், நடுவில் யார் வீட்டுச் சிவப்பரிசியோ. கோயில் சாக்கு அரிசியேதான்.

"வேணாம்டி."

"உலை வச்சேன்லக்கா. வச்சா ஒரு பிடி போடணும்ல" என்று கவரில் கொட்டினாள் சுகந்தி. அதைக் கீழே கொட்டிவிட செலின் மேரிக்கு மனசு வரவில்லை.

கோயிலில் பிரகாஷ் அந்தக் கவரைப் பிரித்ததும் கையை நிறுத்தினான்.

"இன்னா பெரிம்மா, இதுல எல்லா வூட்டு அரிசியும் கீது? யாரு வூட்டுது இது?"

தராசின் முள் ஆடி நிற்கிற நேரம்தான் அவளுக்கு இருந்தது. "என் வூட்டுது" என்றாள். தன் வீட்டுப் பொன்னியைக் காட்டி, அது சுகந்தி வீட்டுது என்றாள்.

அவன் எழுந்துபோய்ச் சாக்கை எடை போட்டான். நோட்டுக் கணக்குக்கு மூன்று கிலோ குறைந்தது. முகம் செத்துப்போய் நின்றான். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

ஞாயிறு பூசை முடிந்து பேரவை கூடியது. "வேற எதனா சொல்லணுமாம்மா?" என்று பாதர் இரண்டு தடவை கேட்டார். கடைசி பெஞ்சில் சுகந்தி உட்கார்ந்திருந்தாள். தலைமுக்காடு மூக்குவரை இருந்தது. "நான்தான் எடுத்தேன், கட்டிடறேன்" என்று செலின் மேரி சாவியை மேஜைமேல் வைத்தாள். கடையில் மூன்று கிலோ வாங்கி அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வீட்டில் செல்வகுமாரி, "என்னக் கேட்டா தரமாட்டனா அத்த? அவ்ளோ பொல்லாதவளா நானு?" என்று அழுதாள். செலின் மேரி பாதரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போக நினைத்தாள். திருடினதைச் சொல்வதா, பொய் சொன்னதைச் சொல்வதா, அதைச் சொன்னால் சுகந்தியைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது? போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை வாசலில் அரிசிக் கவர்களோடு வந்து நின்றது சுகந்தி.

"பேரவையில பிடியரிசி எடுக்க என்னப் போட்டுட்டாங்கக்கா. நோட்ல பாத்தாங்களாம். ஒரு வாரம்கூட நிக்காத வூடாம்." கவர்களைக் கீழே வைத்தாள். "நான் போயி சொல்லிடட்டா?"

"உனக்குச் சொல்லணும்னு தோணுச்சுன்னா என்னக் கேக்க மாட்ட" என்றாள் செலின் மேரி. பிறகு மனசு கேட்காமல், "சாவி உன்கிட்ட கீது. எவ வூட்ல டப்பா காலியா கெடந்தாலும் சாக்குல கைய வெக்காத. பாதர்கிட்ட போயி கேளு. நான் அதத்தான் பண்ணியிருக்கணும்" என்றாள்.

"பாதர் குடுத்திருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேனேக்கா."

செலின் மேரி உள்ளே போய்த் தன் ஏழு பிடியைக் கவரில் போட்டு, முடிச்சிட்டுக் கொண்டுவந்து நீட்டினாள்.

"யாரு வூட்டுதுன்னு கேட்டா, சரியா சொல்லு" என்றாள்.